பொருள்: குண்டுவீச்சை நிறுத்துவது மற்றும் குப்பைத்தொட்டியை அகற்றுவது தொடர்பாக

எனக்குத் தொழில் மளிகைக் கடை. ஆனால் எங்கள் தெருவில் எனக்கு இருக்கும் மரியாதை மனு எழுதுவதால் வந்தது. அப்பா தெற்கிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் போட்ட கடை இது. நான் பிறந்ததே இந்தத் தெருவில்தான் என்றாலும் எல்லோருக்கும் நான் இன்னும் அண்ணாச்சிதான். பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியதை அம்மா ஒருநாள் கடைக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், கன்டெய்னர் லாரி சந்துக்குள் புகுந்து யார் வீட்டுப் படியையாவது இடித்துவிட்டாலும் ஆள் என்னிடம்தான் வரும். பருப்பு நிறுத்துக்கொண்டே எழுதுவேன். ‘மேற்படி’, ‘ஆவன செய்யுமாறு’, ‘தங்கள் மேலான பார்வைக்கு’ ஆகியவற்றை என்னைப் போல அடுக்கத் தெரிந்தவர் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை யாரும் கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம். பிறகு நடந்த அநியாயத்தில் பாதி இந்த எண்ணத்தால் வந்தது.

எங்கள் தெரு மனுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனி மனு யாரும் கொடுப்பதில்லை. எல்லாம் கூட்டு மனுதான். கையெழுத்துத் தாள் என் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துப் போட வருகிறவர் சும்மா போட மாட்டார். “நம்ப மேட்டரையும் ஒரு வரி சேத்துக்கோ அண்ணாச்சி” என்பார். சேர்த்தால்தான் பேனாவைத் தொடுவார். அதனால் சாக்கடை அடைப்பு என்று ஆரம்பித்த மனு, அலுவலகம் போய்ச் சேரும்போது நாய்த்தொல்லை, கொசு, ரேஷன் கடை, நிற்காமல் போகும் பஸ் என்று எட்டு ஒன்பது தட்டுகளோடு சீர்வரிசை மாதிரி போகும். அவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் மனு ஜெயித்தது என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம்.

அந்த வருடம் தொலைக்காட்சியைத் திறந்தால் போர். எந்த நாட்டில் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். பிறகு நாம் அதைத்தான் பேசிக்கொண்டிருப்போம், நான் சொல்ல வந்தது போய்விடும்.

ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும், மீன்கார அக்கா கடைக்கு வந்தாள். காசிமேட்டில் ஏலம் எடுத்து எங்கள் தெருமுனையில் கூடை வைத்து விற்கிறவள். ஐம்பது வயது. குரலைக் கேட்டு பஸ்ஸே ஒதுங்கிப் போகும். அன்றைக்குக் குரல் இல்லை. கையில் போனை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, ஒரு மனு எழுதணும்.”

“தண்ணியா?”

“இல்ல. குண்டு போடறத நிறுத்தச் சொல்லி.”

அக்கா மீன் விற்பதற்கு முன்னால் பதினோரு வருடம் அந்த நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அது தெருவுக்கே தெரியும். அங்கே ஒரு பெண் குழந்தையைப் பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து தூக்கி வளர்த்தாள் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாதது, அந்தக் குழந்தை அக்காவிடமிருந்துதான் பேசவே கற்றுக்கொண்டது என்பது. அந்தக் குழந்தை இப்போது ஒரு பையனுக்குத் தாய். அக்கா போனில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். எங்கோ ஒரு தூரத்து நகரத்தில், என் கண்ணால் நான் பார்த்தே இராத ஒரு பெண், சுத்தமான தண்டையார்பேட்டை பாஷையில் பேசினாள்.

“மா, துன்னியா? நாங்க இப்ப வூட்ல இல்லமா. இஸ்கூல்ல குந்திகினு கீறோம். பையன் அழுதுகினே கீறான். சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிறான். நீ பயப்படாதமா, இன்னா.”

அதுவரை அந்தப் போர் எனக்குத் தொலைக்காட்சியில் புகையும் அம்புக்குறியும்தான். நம் தெரு பாஷையில் ஒருத்தி ‘இஸ்கூல்ல குந்திகினு கீறோம்’ என்ற பிறகு அதை அப்படிப் பார்க்க முடியவில்லை.

இருந்தாலும் எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன். “அக்கா, இது கார்ப்பரேஷன் விஷயம் இல்ல. வேற நாடு.”

“அத்தத்தான் நானும் சொல்றேன். வேற நாடுன்னா நம்ப கவர்மெண்ட்டுதான அந்த கவர்மெண்ட்டாண்ட பேசணும்? நானா போய்ப் பேசுவேன்? யாருக்குக் கீழ வருதோ அவனுக்கு எழுது. ஒனக்குத் தெரியாத ஆபீசா?”

அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். இருபது வருடமாகச் சாக்கடையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு உலக சமாதானத்தைப் பற்றி எழுத வாய்ப்பு. அன்று மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. ‘நிராயுதபாணிகளான பொதுமக்கள்’, ‘பச்சிளங் குழந்தைகள்’, ‘மனசாட்சியுள்ள எந்த அரசும் கைகட்டி வாளாவிருக்கலாகாது’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “நல்லாகீது. ஆனா பாப்பா இஸ்கூல்ல கீதுன்னு போட்டியா?” என்று கேட்டாள். போடவில்லை. ‘வீடிழந்து தெருவில் தவிக்கும் மக்கள்’ என்பதில் அதுவும் அடங்கிவிட்டது என்று விளக்கினேன்.

அடுத்து கையெழுத்து. தெரு முழுக்க அனுதாபம் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தினமும் என் கடையில் வந்து நிற்பார். போர் ஆரம்பித்ததிலிருந்து அவர்தான் எங்கள் ராணுவ நிபுணர். என் பிஸ்கட் பாட்டில்களை நகர்த்தி வைத்து எந்தப் படை எங்கிருந்து வருகிறது என்று விளக்குவார். விளக்கி முடிக்கும்போது ஒரு நாட்டில் பாதியைத் தின்றிருப்பார். அவரிடம் தாளை நீட்டினேன். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப ஷோக்கா எழுதிக்கிற அண்ணாச்சி. கண்ல தண்ணி வந்துச்சு. இதோட நம்ப சந்துல லைட்டு எரியலன்னு ஒரு வரி சேத்துடு.”

“இது போர் மனு.”

“தெரியுது. மனு போறது போவுது. தனியா ஒண்ணு போவணுமா அதுக்கு?”

அப்படித்தான் ஆரம்பித்தது. மாவு மில்காரர் பாதாளச் சாக்கடையைச் சேர்த்தார். முனையில் இருக்கும் வீட்டம்மா, குழந்தைகளை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டு, தூக்கம் வராததற்குக் கொசுவும் காரணம் என்றாள். எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற ஒருவர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றைச் சேர்க்கச் சொன்னார். அதிலாவது நியாயம் இருந்தது. ஒருவர் மட்டும் எதையும் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு விசாரித்தால் அவர் வேறு தெரு.

அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. “கையெழுத்து எத்தினி வந்துச்சு?” என்று மட்டும் தினமும் கேட்டாள். கூட்டு மனுவின் பலம் அவளுக்கும் தெரியும்.

கடைசியில் தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. என் கடை வாசலுக்கு நேராக மூன்று வருடமாக ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி. நாற்றம் தாங்காமல் பால் வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் நாய்கள் தனி. ஏழாவது கோரிக்கையாக அதை எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மனு வாங்கும் நாள் அன்று அக்காவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மனுவும் அங்கேதான் போக வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நல்ல பெண். சத்தம் போடாமல் படித்தாள். அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தத் துறைன்னு போடணும் சார். இதுல போர்னு இல்ல.”

“வெளிநாடுன்னு இருக்கா?”

“இல்ல. ‘இதர’ன்னு போடறேன். பிரச்சினை நடக்கிற இடம், வார்டு நம்பர் சொல்லுங்க. அது இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகாது.”

பின்னால் வரிசை நீளமாக நின்றது. நான் எங்கள் வார்டு எண்ணைச் சொன்னேன். ஒரு நாட்டின் போர் அந்த நிமிடம் தண்டையார்பேட்டைக்கு மாற்றலாகி வந்தது. அக்காவின் போன் எண்ணைக் கொடுத்தோம். மனு எண் ஒன்று வந்தது. அக்கா அந்தச் சீட்டை மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஓர் ஊழியர் போனைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். கள ஆய்வாம்.

“மக்கள் வீடிழந்து தெருவில் தவிக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்களே, எந்தத் தெரு சார்?”

விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பாவம், அவருக்கும் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கும்.

“சார், நான் ஸ்பாட்ல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும், வேலை முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுக்கணும். ரெண்டும் ஏத்தினாத்தான் மனுவை மூட முடியும். இதுல நான் போட்டோ எடுக்கற மாதிரி ஏதாவது இருக்கா?”

இருவரும் தாளைக் கீழிருந்து மேலாகப் படித்தோம். ஏழாவது இருந்தது. தொட்டி கண் முன்னாலேயே இருந்தது. அவர் ஒரு போட்டோ எடுத்தார். மறுநாள் ஒரு வண்டி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் வைத்தது. அவர் காலியான இடத்தை இன்னொரு போட்டோ எடுத்தார். நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டது என்று, மனு எண்ணோடு. சாதாரண நாளாக இருந்தால் அக்காவே அதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். எங்கள் தெருவில் தீர்வு காணப்பட்ட சாக்கடைகள் எல்லாம் இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் தொலைக்காட்சியில் வேறொரு செய்தியும் வந்தது. அந்த நாட்டில் சில நாட்களுக்குச் சண்டை நிறுத்தம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கையில் ஒரு பெரிய வஞ்சிரம்.

“அண்ணாச்சி! நிறுத்திட்டானுங்க! மெய்யாலுமே நிறுத்திட்டானுங்க! இத்தப் பாரு, தீர்வுன்னு போட்டுக்கீது பாரு!”

பார்த்தேன். அந்தச் செய்தி எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் டீ வாங்கிக் கொடுத்தவனே நான்தானே. வாயைத் திறப்பதற்குள் கிரேன் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாவு மில்காரர் சால்வை போடவில்லையே தவிர மற்ற எல்லாம் செய்தார். “நம்ப அண்ணாச்சி எழுத்துக்கு ஒரு பவர் கீதுப்பா” என்று யாரோ சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது. விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் ஓர் அரசியல் பிரமுகரின் ஆட்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ‘போர் நிறுத்தம் கண்ட எங்கள் பொற்காலமே’ என்று அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மனுவில் அவர் கையெழுத்துக்கூட இல்லை. பக்கத்தில் இரண்டு புறா, ஓர் உலக உருண்டை. கீழே மூலையில் ஸ்டாம்ப் அளவில் நான், ரேஷன் கார்டு போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு. போருக்குக் காரணமான இரண்டு அரசாங்கங்களும் இந்த ஃப்ளெக்ஸைப் பார்த்திருந்தால் பயந்துகூட நிறுத்தியிருக்கும்.

மறுநாள் காலை அக்கா என் கடை வாசலில், தொட்டி இருந்த இடத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினாள். நான் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, அம்மா பேசறேன். நம்ப கவர்மெண்ட்டாண்ட சொல்லி நிறுத்த வெச்சிட்டோம். அண்ணாச்சி எழுதிக் குடுத்தாரு, தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. தீர்வுன்னு மெசேஜு வந்துடுச்சு. இனிமே ஒண்ணியும் இல்ல. நீ பயப்படாம புள்ளையத் தூக்கினு வூட்டுக்குப் போ. இன்னா? இஸ்கூல்ல எத்தினி நாளு குந்திகினு கிடப்ப? வூட்டுக்குப் போ.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தராசை வைத்துவிட்டு, ‘அக்கா, அப்படிச் சொல்லாதீங்க, அது குப்பைத்தொட்டிக்கு வந்த செய்தி’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “என் வணக்கத்தையும் சொல்லுங்க” என்றேன். அக்கா அதையும் சேர்த்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “சரிமா. வூட்டுக்குப் போறோம். அண்ணாச்சிக்கும் தேங்க்ஸு சொல்லு.”

நான்காம் நாள் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

தொலைக்காட்சியில் அந்த நகரத்தின் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அக்கா அன்று ஏலத்துக்குப் போகவில்லை. காலையிலேயே வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனில் அவள் அனுப்பியது எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பாள், புடவை முந்தானையால் துடைப்பாள், மறுபடி பார்ப்பாள். கிரேன் பெரியவர் வந்தார். பிஸ்கட் பாட்டில் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. ஃப்ளெக்ஸ்காரர்கள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பழையதன் மேலேயே பிறந்தநாள் வாழ்த்து ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

சண்டை மறுபடி ஆரம்பித்த இரண்டாம் நாள் அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள். “அந்த மெசேஜு இன்னாத்துக்கு வந்துச்சு அண்ணாச்சி?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “தொட்டிய எடுத்ததுக்கு அக்கா.”

“ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான் வூட்டுக்குப் போ, வூட்டுக்குப் போன்னு சொல்லிகினு இருந்தேன். நீ பருப்பு நிறுத்துகினு இருந்த” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டூலை நகர்த்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னால் கடையில் நிற்க முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. எடை போட்டதை மறுபடி எடை போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆகியிருந்தால் அதைச் செய்தது யார் என்று யோசித்தால், குண்டு போட்டவனுக்கு அடுத்த இடத்தில் என் முகம்தான் வந்து நின்றது.

மூன்றாம் நாள் பதினொரு மணி வாக்கில் போன் சத்தம் போட்டது. அக்கா அவசரத்தில் வேறெதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வாங்கி அழுத்தினேன்.

“மா, நாங்க நல்லா கீறோம். அழுவாத. நீ சொன்னன்னு வூட்டுக்குக் கெளம்பினோம்மா. வண்டி கெடைக்கவே ரெண்டு நாளு ஆயிடுச்சு. பாதி வழி போயிட்டோம். அப்பால வானத்துல சத்தம் வந்துச்சு. பையனத் தூக்கினு ஓடியாந்துட்டேன். இப்ப அந்த இஸ்கூலும் இல்ல, வேற எடத்துல கீறோம். போன்ல சார்ஜு இல்ல, அதான் பேசல.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அவர்கள் வீட்டுக்குள் இருந்திருப்பார்கள். குரல் இன்னும் முடியவில்லை. பின்னால் குழந்தை ஏதோ கேட்டது, அதற்கு அவள் அந்த ஊர் பாஷையில் பதில் சொன்னாள். பிறகு மறுபடி நம் பாஷைக்கு வந்தாள்.

“மா, ஒண்ணு கேக்கணும். உங்க கவர்மெண்ட்டு சொல்லித்தான நிறுத்தினாங்க? இவங்க மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்கன்னு உங்க கவர்மெண்ட்டுக்குத் தெரியுமா? தெரியாம இருக்கும்மா. அண்ணாச்சியாண்ட சொல்லி எழுதச் சொல்லு. தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாங்க இல்ல?”

அக்கா முகத்தைத் துடைத்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, பேசும் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“நான் இன்னொரு தபா அவளாண்ட பொய் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனை வருடம் எழுதிய மனுக்களில் ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை.

“தெரியும் பாப்பா,” என்றேன். “அவங்களுக்குத் தெரியும்.”